கடிதத்துக்குத் தமிழில் பதில் உண்டு; கணினித் திரையில் இல்லை
கேரள எல்லைத் தமிழரும் அரசு இணையதளங்களும்

புதுதில்லி: அரசு இணையதளம் எதைத் திறந்தாலும் அதன் அடிப்பகுதியில் "உதவி" என்றொரு இணைப்பைக் காணலாம். எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி, திரையின் நிறத்தை மாற்றுவது எப்படி, பிடிஎஃப் கோப்பைத் திறக்க என்ன மென்பொருள் வேண்டும், பார்வையற்றோர் திரை வாசிப்பு மென்பொருளை எங்கே பெறலாம் என்பன போன்ற விவரங்கள் அதில் வரிசையாகத் தரப்பட்டிருக்கும். இணையதளத்துக்கு வருவோர் தடுமாறாமல் தகவலைப் பெற வேண்டும் என்பதே அப்பக்கத்தின் நோக்கம்.

தேசிய தகவலியல் மையம் தயாரித்து 2009-ஆம் ஆண்டில் வெளியான "இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகள்" என்ற ஆவணத்தை ஒட்டியே இத்தகைய பக்கங்கள் அமைக்கப்படுகின்றன. அந்த நெறிகள் 2018-இலும் 2023-இலும் திருத்தி வெளியிடப்பட்டன. உலக அளவில் ஏற்கப்பட்ட இணைய அணுகல் தரங்களை இந்திய அரசுத் துறைகளும் பின்பற்ற வேண்டும் என்பதே அவற்றின் சாரம்.

ஆனால், உதவி தேவைப்படுபவர் அந்த உதவிப் பக்கத்தைப் படிக்க முடியாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அந்தப் பக்கத்தில் விடை இல்லை. கேரளத்தின் இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர்கள் எதிர்கொள்ளும் கேள்வி இதுதான். அவ்விரு மாவட்டங்களின் அதிகாரபூர்வ இணையதளங்களும், மாநில அரசின் தலைமை இணையதளமும் மலையாளம், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளில் இயங்குகின்றன. தமிழ் மட்டும் அறிந்தவருக்கு அவற்றில் முதல் பக்கமும் புரியாது. உதவிப் பக்கமும் புரியாது.

தேவிகுளம் முதல் சித்தூர் வரை

இந்தத் தமிழர்கள் பிழைப்புக்காக நேற்று வந்து சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் தலைநகரின் அரசு வட்டாரங்களில் சிலருக்கு இருக்கலாம். வரலாறு வேறு விதமானது.

தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தமிழ்ப் பகுதிகள் என்று கூறி, அவற்றைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. ஃபசல் அலி தலைமையில் எச்.என். குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகியோரைக் கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் 1955-இல் அளித்த அறிக்கையில், தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துடனேயே இருக்க வேண்டும் என்றது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரள மாநிலம் பிறந்தபோது, மூணாறு மலைத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில் குடியிருந்த தமிழர்கள், இருந்த இடத்திலேயே மொழிச் சிறுபான்மையினராயினர். இடுக்கி மாவட்டம் உருவானது 1972-இல்தான்.

பாலக்காட்டின் கதையும் ஏறத்தாழ இதேதான். சித்தூர் வட்டம் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. அதனைச் சுற்றிய மலபார்ப் பகுதியோ சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி, முதலமடை போன்ற ஊர்கள் இன்றும் பொள்ளாச்சியுடனும் கோயம்புத்தூருடனும் சந்தையாலும் திருமண உறவாலும் பிணைந்திருக்கின்றன. ஆனைகட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி. அங்கும் தமிழ் பேசும் குடியேறிகளும், இருளர் உள்ளிட்ட பழங்குடியினரும் வாழ்கின்றனர்.

கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2001-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 6 லட்சம் பேர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அது ஏறக்குறைய 5 லட்சமாகக் குறைந்தது. மாநில மக்கள்தொகையில் இது சுமார் ஒன்றரை விழுக்காடே. ஆனால், மாநிலச் சராசரியைக் கொண்டு தேவிகுளத்தை அளக்க முடியாது. இந்த மக்கள் மாநிலமெங்கும் சிதறியிருக்கவில்லை. எல்லையோர வட்டங்களில் செறிந்து வாழ்கின்றனர்.

சட்டம் தந்த உரிமை

இவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கூற முடியாது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இவ்விஷயத்தில் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாகவே கொள்ளத்தக்கது. மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துடனும், துறைத் தலைமை அலுவலகங்களுடனும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ள அரசு அலுவலகங்களுடனும் தம் மொழியிலேயே கடிதத் தொடர்பு கொள்ளலாம். அதற்கான பதிலும் அதே மொழியில் அனுப்பப்பட வேண்டும் என்கிறது அச்சட்டம்.

அரசியல் சட்டமும் துணை நிற்கிறது. குறைதீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் அளிக்கலாம் என்கிறது 350-ஆவது பிரிவு. 1956-ஆம் ஆண்டின் ஏழாவது திருத்தத்தின் மூலம் 350-ஏ, 350-பி ஆகிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. முன்னது தொடக்கக் கல்வியில் தாய்மொழிக்கு வகை செய்தது. பின்னது மொழிச் சிறுபான்மையினருக்கெனத் தனி அதிகாரி ஒருவரை நியமிக்க வழி வகுத்தது.

அதே ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட பாதுகாப்பு நினைவுக் குறிப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரு மாவட்டத்திலோ வட்டத்திலோ மொழிச் சிறுபான்மையினர் 15 முதல் 20 விழுக்காடு இருந்தால், முக்கிய அரசு அறிவிப்புகளும் விதிகளும் அவர்கள் மொழியிலும் வெளியிடப்பட வேண்டும். 30 விழுக்காடு இருந்தால் அப்பகுதியை இருமொழிப் பகுதியாகக் கருத வேண்டும் என்று அது கூறியது. 1961-இல் முதலமைச்சர்கள் மாநாடும் மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்புக்கான ஏற்பாடுகளை ஏற்றது.

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இதனை மறக்கவில்லை. அரசு அலுவலகங்கள் தாமாக முன்வந்து வெளியிடும் தகவல்கள், உள்ளூர் மொழியையும் அப்பகுதிக்கு ஏற்ற தகவல் தொடர்பு முறையையும் கருத்தில் கொண்டு பரப்பப்பட வேண்டும் என்று அதன் 4-ஆவது பிரிவு கூறுகிறது. சித்தூரிலும் தேவிகுளத்திலும் உள்ளூர் மொழிகளில் தமிழும் ஒன்று என்பதை யாரும் மறுக்க இயலாது.

இவற்றுள் பெரும்பாலானவை காகிதக் காலத்தில் எழுதப்பட்டவை. கடிதம், அறிவிப்பு, பதில் என்றே அவை பேசுகின்றன. இணையதளம் பற்றி அவை பேசாததில் வியப்பில்லை. சிக்கல் தொடங்குவது அலுவலகமே திரைக்கு இடம் மாறியபோது.

இடம் மாறிய அலுவலகம்

கணினிமயத்தில் கேரளம் நாட்டின் முன்னணி மாநிலம். 2002-இல் மலப்புரத்தில் தொடங்கிய அக்ஷயா திட்டம், வீட்டுக்கு ஒருவரேனும் கணினி அறிந்திருக்க வேண்டும் என்ற இலக்குடன் புறப்பட்டு மாநிலமெங்கும் பரவியது. இணைய அணுகல் உரிமை தனிமனித அந்தரங்க உரிமையின் ஒரு பகுதி என்று 2019 செப்டம்பரில் தீர்ப்பளித்தது கேரள உயர் நீதிமன்றம். கல்லூரி விடுதியில் செல்பேசி பயன்படுத்தத் தடை விதித்ததை எதிர்த்து மாணவி ஒருவர் தொடுத்த வழக்கு அது. 2023 ஜூனில் கேஃபோன் எனப்படும் மாநில அரசின் கண்ணாடி இழை இணையச் சேவை தொடங்கப்பட்டது. உள்ளாட்சிச் சேவைகளை ஒருங்கிணைக்கும் கே-ஸ்மார்ட் 2024 ஜனவரியில் நகராட்சிகளிலும், 2025 ஏப்ரலில் ஊராட்சிகளிலும் நடைமுறைக்கு வந்தது. நில ஆவணங்களுக்கு "என்டெ பூமி" என்ற இணையதளம் 2024-இல் தொடங்கப்பட்டது.

2025 ஆகஸ்ட் 21-ஆம் தேதி, முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற முதல் மாநிலமாகக் கேரளத்தை முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். அதற்கெனக் கண்டறிந்து பயிற்சி தரப்பட்டோர் 21 லட்சத்துக்கும் மேற்பட்டோர். இது எளிய சாதனையன்று.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். முன்பு கிராம அலுவலகத்துக்கோ ஊராட்சிக்கோ நேரில் சென்ற தோட்டத் தொழிலாளி, தமிழில் எழுதிய மனுவை நீட்டினார். அங்கிருந்த ஊழியர்களுள் தமிழ் அறிந்தவர் ஒருவராவது இருப்பார். தமிழும் மலையாளமும் அறிந்தோருக்கென்றே எழுத்தர் பணியிடங்களைக் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையம் தனியே நிரப்பி வந்திருக்கிறது. இன்று அதே மனு, பெட்டி பெட்டியாகப் பிரிந்த இணையப் படிவமாகிவிட்டது. எந்தப் பெட்டியில் எதை நிரப்புவது, எந்த ஆவணத்தை எந்த அளவில் பதிவேற்றுவது, விண்ணப்பம் ஏன் திருப்பி அனுப்பப்பட்டது என்பவற்றை மலையாளமோ ஆங்கிலமோ அறியாதவர் தானே தெரிந்துகொள்ள வழியில்லை. மையத்தில் அமர்ந்திருப்பவரின் உதவியால் வேலை நடக்கலாம். ஆனால், தம் பெயரில் என்ன எழுதப்பட்டது என்பது விண்ணப்பதாரருக்கே தெரியாமல் போகிறது.

இதில் ஒரு முரண் கவனிக்கத்தக்கது. கேரள அரசின் சுற்றுலாத் துறை இணையதளம் தமிழ் உட்பட 20-க்கும் மேற்பட்ட மொழிகளில் கிடைக்கிறது. மூணாறைப் பார்க்க மதுரையிலிருந்து செல்பவருக்கு அரசு தமிழில் வரவேற்பு கூறுகிறது. மூணாறிலேயே பிறந்து தேயிலை பறிப்பவருக்கு வருவாய்த் துறையின் திரையில் அந்த வாய்ப்பு இல்லை. தொழில்நுட்பம் தடையாக இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

வாக்காளர் பட்டியல் தந்த சோதனை

இணையதளத்தைப் பயன்படுத்தத் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எல்லை மக்கள் 2025 இறுதியில் உணர்ந்தனர். தேர்தல் ஆணையத்தின் சிறப்புத் தீவிரத் திருத்தப் பணி, நவம்பர் 4-ஆம் தேதி கேரளத்திலும் தமிழகத்திலும் ஒரே நாளில் தொடங்கியது. முந்தைய தீவிரத் திருத்தத்தின்போது வெளியான பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்பதைப் படிவத்தில் குறிப்பிட வேண்டியிருந்தது. கேரளத்தில் அது 2002-ஆம் ஆண்டுப் பட்டியல். தமிழகத்தில் தொகுதிக்கு ஏற்ப 2002 அல்லது 2005-ஆம் ஆண்டுப் பட்டியல். தொகுதி எல்லைகள் 2008-இல் மாறியதால், பழைய தொகுதியின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும்.

போடிநாயக்கனூரிலிருந்து திருமணமாகி மூணாறுக்கு வந்த பெண் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். அவருடைய பெற்றோரின் பெயரைத் தமிழகத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேட வேண்டும். கணவரின் குடும்பத்தினர் பெயரைக் கேரளத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் தேட வேண்டும். ஒரே குடும்பத்தின் வேர் இரு மாநிலத் திரைகளில் பிரிந்து கிடந்தது. வாக்குச்சாவடி அலுவலர்கள் வீடு வீடாகச் சென்றது உண்மை. எனினும், பழைய பட்டியலின் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் தேடித் தருவதற்கு இணையத்தையே நாட வேண்டியிருந்தது.

2025 டிசம்பரில் வெளியான வரைவுப் பட்டியல்களில் கேரளத்தில் சுமார் 24 லட்சம் பெயர்களும், தமிழகத்தில் சுமார் 97 லட்சம் பெயர்களும் இடம்பெறவில்லை. இறந்தோர், குடிபெயர்ந்தோர், இரட்டைப் பதிவு ஆகியன இதற்குக் காரணங்களாகக் கூறப்பட்டன. மொழித் தடையால் விடுபட்டோர் இவர்களுள் எத்தனை பேர் என்று தனிக் கணக்கு எதுவும் எடுக்கப்படவில்லை என்பதே இங்குக் கவலைக்குரியது. இடுக்கி எல்லையில் தேர்தல்தோறும் இரட்டை வாக்குப் புகார் எழுவது வழக்கம். அத்தகைய இடத்தில், தம் பெயர் எங்கே உள்ளது என்பதைத் தாமே சரிபார்க்கும் வசதி வாக்காளருக்குப் பாதுகாப்பு, தேர்தலுக்கும் பாதுகாப்பு.

அறுபது நாள் அவகாசம்

மத்திய அரசின் இணையதளங்களும் இந்தக் கேள்விக்கு விலக்கல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுற்றுச்சூழல் உணர்வுமிக்கப் பகுதிகளை அறிவிக்கும் வரைவு அறிவிக்கை, 2014 முதல் பல முறை வெளியிடப்பட்டு வந்துள்ளது. 2024 ஜூலை 31-ஆம் தேதி வெளியான வரைவில் கேரளத்தில் மட்டும் 9,993.7 சதுர கிலோமீட்டர் பரப்பு இடம்பெற்றது. இடுக்கி, பாலக்காடு மாவட்டக் கிராமங்களும் அதில் அடங்கும். ஆட்சேபம் தெரிவிக்க 60 நாள் அவகாசம். கஸ்தூரிரங்கன் குழு அறிக்கையை எதிர்த்து 2013 நவம்பரில் இடுக்கி மாவட்டம் கொந்தளித்ததை நினைவில் கொண்டால், இந்த 60 நாள்களின் மதிப்பு விளங்கும்.

இத்தகைய அறிவிக்கைகள் அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் வெளியாகின்றன. இது போதுமா என்ற வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்தில் ஏற்கெனவே எழுந்தது. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த 2020-ஆம் ஆண்டு வரைவு அறிவிக்கை மீதான அந்த வழக்கில், தலைமை நீதிபதி டி.என். படேல் தலைமையிலான அமர்வு 2020 ஜூன் 30-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் வரைவை மொழிபெயர்க்க வேண்டும், அந்த மொழிபெயர்ப்புகளை இணையதளங்களில் வெளியிட வேண்டும் என்று உத்தரவிட்டதுடன், கருத்துத் தெரிவிக்கும் காலத்தையும் ஆகஸ்ட் 11 வரை நீட்டித்தது. ஆட்சிமொழிச் சட்டத்தின்படி இந்தியும் ஆங்கிலமும் போதும் என்பது மத்திய அரசின் நிலை. அது உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

வழக்கு எங்குச் சென்றாலும் அடிப்படைக் கேள்வி மாறவில்லை. கருத்துக் கேட்பதற்காக வெளியிடப்படும் ஆவணத்தை, கருத்துக் கூற வேண்டியவர் படிக்க முடியாவிட்டால் அந்தக் கேட்பு வெறும் சடங்காகிவிடும்.

மாற்றுத்திறனாளிகள் காட்டிய வழி

இவ்விஷயத்தில் எல்லைத் தமிழர்களுக்கு வழிகாட்டியாக அமைந்திருப்பவர்கள் மாற்றுத்திறனாளிகள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அணுகல் தரங்களைக் கட்டாயமாக்கியது. ஆனால், 2017-ஆம் ஆண்டு விதிகளின் 15-ஆவது விதி அவற்றை வெறும் பரிந்துரைகள் போல் ஆக்கியிருந்தது. அந்த விதி சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராஜீவ் ரதூரி வழக்கு என்று அறியப்படும் இதில், தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் அளித்தது.

அடுத்து 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி, நீதிபதிகள் ஜே.பி. பார்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு மற்றொரு முக்கியத் தீர்ப்பை வழங்கியது. திராவக வீச்சில் கண் பாதிக்கப்பட்டோர், வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பில் கண் சிமிட்டிக் காட்ட இயலாமல் தவித்த வழக்கு அது. டிஜிட்டல் அணுகல், அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் பிரிக்க இயலாத கூறு என்றது நீதிமன்றம். 20 கட்டளைகளையும் பிறப்பித்தது. டிஜிட்டல் இடைவெளியால் ஒதுக்கப்படுவோரைப் பட்டியலிட்டபோது, மாற்றுத்திறனாளிகள், கிராம மக்கள், முதியோர், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருடன் மொழிச் சிறுபான்மையினரையும் அத்தீர்ப்பு சேர்த்துக் கூறியது குறிப்பிடத்தக்கது.

அதாவது, திரையைப் பார்க்க முடியாதவருக்கும், திரையில் உள்ள மொழியைப் படிக்க முடியாதவருக்கும் நேரும் இழப்பு ஒன்றே என்பதை நாட்டின் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. முதலாமவருக்குச் சட்டம் கட்டாயத் தரம் கேட்கிறது. இரண்டாமவருக்கு அத்தகைய தரம் இன்னும் வகுக்கப்படவில்லை.

இரண்டு குறைகளும் ஒருவரிடமே சேரும்போது துன்பம் இரட்டிக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரை வாசிப்பு மென்பொருள், தமிழையும் வாசித்துக் காட்டும். ஆனால், வாசிக்க எழுத்து இருக்க வேண்டும். அரசாணையை ஸ்கேன் செய்து படமாக ஏற்றிவிட்டால் மென்பொருளுக்கு அது வெற்றுத் தாள். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளும் அப்படியே. தமிழக அரசு யூனிகோடு முறையை ஏற்று ஆணையிட்டது 2010-இல். அதற்கு முந்தைய ஆவணங்கள் பல இன்றும் இந்தக் குறையுடனேயே கிடக்கின்றன.

மொழிபெயர்த்தால் மட்டும் போதுமா?

மொழிபெயர்ப்புக் கருவிகள் பெருகிவிட்ட இக்காலத்தில் ஒரு பொத்தானை வைத்துவிட்டால் தீர்ந்தது என்ற கருத்தும் உண்டு. மத்திய அரசு 2022-இல் தொடங்கிய பாஷிணி திட்டம் இந்திய மொழிகளுக்கிடையே இயந்திர மொழிபெயர்ப்பை வளர்த்து வருகிறது. அது வரவேற்கத்தக்கதே. ஆனால், அரசு ஆவணத்தில் ஒரு சொல் பிசகினால் விளைவு பெரிது.

இதற்குக் கேரளச் சட்டப்பேரவையே சாட்சி. 2021 மே மாதம் தேவிகுளம் உறுப்பினராகத் தேர்வு பெற்ற ஏ. ராஜா தமிழில் பதவியேற்றார். அவர் படித்த தமிழ் வாசகத்தில், உளமார உறுதி கூறுவதாகவோ கடவுளின் பெயரால் ஆணையிடுவதாகவோ குறிக்கும் சொற்கள் விடுபட்டிருந்தன. மொழிபெயர்ப்பில் நேர்ந்த தவறு அது. அவர் ஜூன் மாதத்தில் மறுபடியும் தமிழில் உறுதிமொழி ஏற்க வேண்டியதாயிற்று. சட்டமன்ற உறுப்பினருக்குத் தவறைத் திருத்த மறு வாய்ப்பு கிடைத்தது. நிலவரி கட்டும் சாதாரணக் குடிமகனுக்கு அது எளிதில் கிடைக்காது.

எல்லைத் தமிழின் தனித்தன்மையும் இயந்திரத்துக்குப் பிடிபடாது. தமிழகத்தில் "பட்டா" என்பதும் கேரளத்தில் "பட்டயம்" என்பதும் ஒரே பொருளில் வழங்குவன அல்ல. தமிழக வருவாய்த் துறை "பட்டா மாறுதல்" என்று கூறுவதைக் கேரள வருவாய்த் துறை "போக்குவரவு" என்கிறது. சித்தூர் விவசாயிக்கு "போக்குவரவு" என்ற சொல் பழக்கமானது. அதைச் சென்னைத் தமிழுக்கு மாற்றினால் அவர் குழம்பிப் போவார். ஆகவே அந்த மண்ணில் வழங்கும் சொற்களைக் கொண்ட கலைச்சொல் தொகுப்பும், அதை அறிந்து சரிபார்க்கும் ஊழியரும் தேவை.

இணையம் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதையும் மறக்கலாகாது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியபோது, காணாமற்போனோர் உட்பட 70 பேர் உயிரிழந்தனர். தேயிலைத் தோட்டத் தமிழர் குடும்பங்கள் அவை. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றிருந்ததால் வெளியுலகம் மறுநாள் காலையில்தான் செய்தியை அறிந்தது. அந்த இரவில் எந்த இணையதளமும் எந்த மொழியிலும் பயன்பட்டிருக்காது. மழை எச்சரிக்கையை லயங்களுக்குக் கொண்டு சேர்க்க ஒலிபெருக்கியும் அறிவிப்புப் பலகையும் நேரடி ஆளும் என்றும் தேவை. ஆனால், அவற்றுக்கும் மூலமாக இருப்பது பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் அறிவிப்பே. அது தமிழில் புறப்பட்டால், இடையில் நின்று மொழிபெயர்க்கும் நேரமாவது மிச்சமாகும்.

செய்யக் கூடியவை

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள "கடிதத் தொடர்பு" என்பது இணைய விண்ணப்பத்தையும் அதற்கான பதிலையும் உள்ளடக்கும் என்று கேரள அரசு ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். 2025-இல் கேரளச் சட்டப்பேரவை நிறைவேற்றிய மலையாள மொழி மசோதாவைக் கர்நாடக அரசு எதிர்த்தபோது, தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியில் அரசுடன் தொடர்பு கொள்ளும் உரிமை அதில் காக்கப்பட்டுள்ளது என்று கேரள அரசு விளக்கமளித்தது. அந்த உறுதியைத் திரையில் காட்ட இது தக்க தருணம்.

அடுத்த கட்டப் பணிகள் சிறியவையே. இடுக்கி, பாலக்காடு மாவட்ட இணையதளங்களில் தமிழுக்கு மூன்றாவது இணைப்பு. முதற்கட்டமாக உதவிப் பக்கமும் சான்றிதழ், நிலவரி, ஓய்வூதியம், குடும்ப அட்டை விண்ணப்பங்களுக்கான விளக்கமும் தமிழில். படிவத்தை அனுப்பும் முன் நிரப்பிய விவரங்களைத் தமிழில் காட்டும் பக்கம். எல்லை வட்டங்களின் அக்ஷயா மையங்களில் தமிழ் படிக்கத் தெரிந்தவர். ஆவணங்கள் படமாக அல்லாமல் யூனிகோடு எழுத்தாக. அண்டை மாநிலமான தமிழகம் கலைச்சொற்களுக்கும் மொழிபெயர்ப்புக்கும் உதவ முடியும். தமிழகத்தில் வாழும் மலையாள, தெலுங்கு, கன்னடச் சிறுபான்மையினருக்கு அதே வசதியைத் தமிழக அரசு அளிக்குமா என்ற கேள்வியும் உடனே எழும். எழ வேண்டியதே. எல்லையின் இருபுறமும் அளவுகோல் ஒன்றாக இருக்க வேண்டும்.

மத்திய அரசின் பொறுப்பும் சிறிதன்று. இணையதள வழிகாட்டு நெறிகள் அடுத்து திருத்தப்படும்போது, 1956-ஆம் ஆண்டு நினைவுக் குறிப்பின் 15 முதல் 20 விழுக்காடு என்ற அளவை மாவட்ட, வட்ட அளவிலான இணையச் சேவைகளுக்கும் பொருத்தலாம். எழுத்தின் அளவையும் நிறத்தையும் அளந்து சான்று தரும் தணிக்கையில் மொழியும் ஓர் அளவுகோலாகலாம்.

இதைக் கேட்பதற்கான மன்றமும் தில்லியில் இருக்கிறது. 350-பி பிரிவின்படி நியமிக்கப்படும் மொழிச் சிறுபான்மையினர் ஆணையரின் அறிக்கைகள் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்பட வேண்டியவை. சென்னை, பெலகாவி, கொல்கத்தா ஆகிய நகரங்களில் அவருக்கு மண்டல அலுவலகங்கள் உண்டு. பள்ளிகள், பாடநூல்கள், ஆசிரியர் பணியிடங்கள் ஆகியவற்றை அந்த அறிக்கைகள் மாநில வாரியாக ஆராய்ந்து வந்துள்ளன. அரசு இணையதளங்கள் குறித்தும் ஓர் அத்தியாயம் சேர்க்குமாறு கோர எந்த உறுப்பினருக்கும் உரிமை உண்டு. தேனி, பொள்ளாச்சி, கோயம்புத்தூர், திருப்பூர் தொகுதிகளின் உறுப்பினர்களும், எல்லைக்கு அப்பால் இடுக்கி, பாலக்காடு, ஆலத்தூர் தொகுதிகளின் உறுப்பினர்களும் கட்சி வேறுபாடின்றி எழுப்பக் கூடிய கேள்வி இது.

தேவிகுளத்துத் தொழிலாளி தமிழில் ஒரு கடிதம் எழுதினால் அவருக்குத் தமிழில் பதில் தர அரசு சட்டப்படி கடமைப்பட்டிருக்கிறது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக உள்ள கடமை அது. அவர் கடிதத்தை விட்டுத் திரையைத் தொட்டதனால் அக்கடமை தீர்ந்துவிடவில்லை. அவரைத் திரைக்கு அழைத்ததே அரசுதான்.